லும்மி என்று ஒரு நிறம்

சேகர்,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டால் பதில் எழுத மாட்டாய். அதனால் அந்த இரண்டையும் விட்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, ரோஸ்லினைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறக் கிளம்பினாய். பிறகு பக்கத்து வீட்டு மேரி அக்காவுக்குப் போன் செய்து, நீங்கள் இரண்டு பேரும் பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளப் போவதாகவும், அம்மா சிரமப்பட்டு வர வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னாய். மேரி அக்கா அதை என்னிடம் சொல்வதற்குள் தண்ணீர் குடித்துக் குடித்து வயிறு உப்பிப் போனாள். பாவம், அவள் என்ன செய்வாள். என்னோடு நேராகப் பேச உனக்கு இஷ்டமில்லை என்பது புரிந்தது. பேசினாலும் நான் வழக்கம்போல் எதையாவது வெடுக்கென்று சொல்லிக் கெடுத்துவிடுவேன். எழுதும்போது எனக்குக் கொஞ்சம் நிதானம் வருகிறது. அதனால் இதைக் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி. ரோஸ்லினுக்கும் படித்துக் காட்டு. அவளிடம் மறைக்க வேண்டியது இதில் எதுவும் இல்லை.

அன்றைக்கு நடந்ததை நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நீ எண்ண வேண்டாம். எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. பாகான் செராயிலிருந்து உன் மாமாவும் மாமியும் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரோஸ்லின் அடுப்படியில் எனக்கு ஒத்தாசையாக இருந்தாள். ரசத்தைக் கையில் விட்டுப் பார்த்தவள், கூடத்துப் பக்கம் திரும்பி, "சேகர், உப்பு டப்பா எங்க இருக்கு லா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அந்தப் பெண் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. நான் கரண்டியைக் கீழே வைத்து, மாமா மாமி காதில் விழும்படி, "இந்த வீட்டுல ஆம்பளையப் பேரு சொல்லி நாய்க்குட்டியக் கூப்பிடற மாதிரி கூப்பிடற பழக்கம் இல்ல" என்றேன். ரோஸ்லின் முகம் சுருங்கிப் போனது. நீ எழுந்து வந்தாய். சத்தம் போடவில்லை. "அப்ப வேற எப்படிமா கூப்பிடணும்? அவளும் ஒரு லும்மி கண்டுபிடிக்கணுமா?" என்று மட்டும் கேட்டாய். மாமாவுக்கும் மாமிக்கும் அது என்னவென்றே தெரியவில்லை. ரோஸ்லினுக்கும் தெரிந்திருக்காது, நீ சொல்லியிருக்க மாட்டாய். எனக்கு மட்டும்தான் புரிந்தது. அந்தச் சொல்லை உன் வாயால் நான் கடைசியாகக் கேட்டது நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது.

ரோஸ்லினுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். உன் அப்பா பெயர் பச்சையன். பார், எழுதிவிட்டேன். வாயைவிடக் கைக்குத் தைரியம் அதிகம் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. நான் கல்யாணமாகி சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோது, உன் பெரிய அத்தை என்னை வாசலில் நிறுத்தி முதலில் சொன்ன சங்கதி, புருஷன் பெயரைச் சொல்லாதே என்பதுதான். சொன்னால் அவன் ஆயுசு குறையும். பெயர் மட்டும் இல்லை, பெயரில் இருக்கிற சொல் வேறு எதில் வந்தாலும் அதையும் சொல்லக் கூடாது. எங்கள் அம்மா வீட்டிலும் இதே வழக்கம்தான், ஆனால் என் அப்பா பெயர் யாருடைய பேச்சிலும் குறுக்கே வராத பெயர். எனக்கு வாய்த்ததோ பச்சை. சுற்றிலும் பால்மரம், எங்கே திரும்பினாலும் அந்த நிறம். மிளகாய் அதே, அரிசி அதே, குளிக்கிற தண்ணீர்கூடச் சுட வைக்காவிட்டால் அதே சொல்தான். இத்தனையையும் சொல்லாமல் ஒருத்தி எப்படிக் குடித்தனம் நடத்துவது? அத்தையிடம் கேட்டால், "எல்லாப் பொம்பளையும் நடத்தலையா?" என்பாள். அவள் கெட்டவள் இல்லை. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவன் ஆயுசு அவளுக்கு உயிர்.

எனக்கு அப்போது வயசு குறைவு, திமிர் அதிகம். உன் அப்பாவுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டும் வேலை. கல்யாணமான புதிதில் ஒருநாள் காலை, அவர் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைத் தேட விட்டார். சுற்றுமுற்றும் பார்த்தேன், ஆள் நடமாட்டம் இல்லை. சிரித்துக்கொண்டே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மரத்துக்குப் பின்னாலிருந்து தலை எட்டிப் பார்த்தது. அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அந்த வாரமே புயல்மழையில் ஒரு கிளை முறிந்து அவர் தோளில் விழுந்தது. எலும்பு விலகி, கட்டுப் போட்டு, ரொம்ப நாள் வேலைக்குப் போக முடியாமல் லயத்து வீட்டில் கிடந்தார். உன் அத்தை என் முகத்தைப் பார்த்து, "பேரு சொன்னியா?" என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொன்னேன். மழைக்காலத்தில் பால்மரக் கிளை முறிவது தினம் நடப்பதுதான், இன்றைக்கு எனக்கு அது தெரிகிறது. அன்றைக்கு நான்தான் முறித்தேன் என்று நம்பினேன். அதற்குப் பிறகு அந்தச் சொல் என் வாயைத் தாண்டியதில்லை.

லும்மி பிறந்தது கடையில். தோட்டத்துக் கடைக்காரர் ஒரு சீனர், அரைகுறைத் தமிழ் பேசுவார். மிளகாய் வாங்கப் போயிருந்தேன். காய்ந்த மிளகாயும் இருந்தது, மற்றதும் இருந்தது. கையைக் காட்டினால் நடுவில் இருந்த கத்திரிக்காயை எடுக்கிறார். உன் அத்தை பின்னால் நிற்கிறாள். கடைக்குள் நாலைந்து பெண்கள். நாக்கு அந்தச் சொல்லுக்குப் போகிறது, உதடு மூடிக்கொள்கிறது. திறந்தபோது "லும்மி மொளகா" என்று வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அப்படி ஒரு சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குத் தெரியாத தமிழ்ச் சொல் இன்னொன்று என்று நினைத்துக்கொண்டு, சரியான மிளகாயை அள்ளிக் கொடுத்துவிட்டார். மறுநாள் முதல் வருகிற பெண்களிடமெல்லாம், "அக்கா, லும்மி மொளகா புதுசா வந்திருக்கு, மவு? வேணுமா?" என்று கேட்க ஆரம்பித்தார். நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன் சேகர். ஒரு சொல்லுக்கு அர்த்தம் எப்போது வருகிறது? நான் உளறியபோது அது வெறும் சத்தம். அவர் மிளகாயை எடுத்து நீட்டிய பிறகுதான் அது சொல். கேட்கிறவர் ஒருத்தர் இருக்க வேண்டும், எடுத்துக் கொடுக்கிறவர் ஒருத்தர் இருக்க வேண்டும்.

அதன் பிறகு அது என் கையில் நிற்கவில்லை. லும்மி அரிசி, லும்மித் தண்ணீர், லும்மி மாங்காய் என்று ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தது. யாருக்காவது குழந்தை பிறந்தால் "லும்மிப் புள்ள, தூக்காத" என்பேன். லயத்துப் பெண்கள் முதலில் என்னைக் கேலி செய்யத்தான் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி அவர்களுக்கே பழகிப் போனது. சாயங்காலம் உன் அப்பா சைக்கிளில் திரும்பினால், தண்ணீர்க் குழாயடியில் நிற்கிறவர்கள், "ஏ, ஒன் லும்மி வந்திட்டாரு" என்று என்னை இடிப்பார்கள். நான் கோபித்துக்கொள்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உள்ளுக்குள் பிடிக்கும். உன் அப்பாவுக்கும் தெரியும். வீட்டில் அவரும் லும்மி என்றுதான் சொல்வார். "லும்மிக் கலருல ஒனக்கு ஒரு சேல எடுக்கணும்" என்று கண்ணைச் சிமிட்டுவார். உன் அத்தைகூட ஒன்றும் சொல்லவில்லை. பெயர் வாயில் வராதவரைக்கும் அவளுக்கு எதுவானாலும் சம்மதம்.

நீ பேசக் கற்றது இந்தப் பேச்சில்தான். வேலைக்குப் போகும்போது உன்னை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவோம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணும் நம் லயத்துக்காரி, அவளும் லும்மி என்றுதான் சொல்வாள். நீ புல்லைத் தொட்டு, இலையைத் தொட்டு, வெட்டுக்கிளியைத் தொட்டு லும்மி லும்மி என்பாய். நான் ஆமாம் ஆமாம் என்பேன். உனக்கு ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்தேன். பச்சை என்ற சொல்லை நீ கேட்காமல் இல்லை. ஆம்பளைகள் உன் அப்பாவைக் கூப்பிடுவது காதில் விழும். அது உனக்கு அப்பாவின் பெயர், வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடம் என்று ஒன்று வரும், அங்கே இன்னொரு பேச்சு இருக்கும் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. தோட்டத்துப் பள்ளியிலேயே நீ சேர்ந்திருந்தால் வாத்தியாருக்கு விஷயம் தெரிந்திருக்கும், சிரித்துவிட்டுச் சொல்லிக் கொடுத்திருப்பார். ஆனால் உனக்கு வயது ஆறு நெருங்கும்போது பால்மரத்தை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட ஆரம்பித்தார்கள். வேலை குறைந்தது. உன் அப்பாவுக்கு மெங்லெம்புவில் பலகைக் கம்பெனியில் வேலை கிடைத்து, ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறினோம். அத்தையும் கூட வந்தாள்.

உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக் கொஞ்ச நாளில் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். உன் அப்பா வேலைக்குப் போயிருந்தார். நானும் அத்தையும்தான் போனோம். நல்ல டீச்சர் அவர், சின்ன வயசு, பட்டணத்தில் வளர்ந்த பெண். உன் மேல் அவருக்குக் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. வகுப்பில் நிறம் சொல்லிக் கொடுக்கிறார். இலைப் படத்தைக் காட்டிக் கேட்டால் நீ லும்மி என்கிறாய். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இது பச்சை என்று அவர் திருத்தினால், "அது எங்க அப்பா பேரு டீச்சர்" என்கிறாய். இன்னும் சிரிக்கிறார்கள். சிரித்த ஒரு பையனை நீ கடித்துவிட்டாய். உனக்குக் கண்ணில் ஏதும் கோளாறோ என்று டீச்சருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் காட்டலாமா என்று கேட்பதற்குத்தான் எங்களை வரச் சொன்னார்.

நீ மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். என்னைப் பார்த்ததும் உன் முகம் தெளிந்தது. அம்மா வந்துவிட்டாள், இனி எல்லாருக்கும் சொல்லிவிடுவாள் என்ற தெளிவு. "எங்கம்மாவைக் கேளுங்க டீச்சர்" என்றாய். டீச்சர் அந்தப் படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "நீங்களே சொல்லுங்கம்மா. இது என்ன நிறம்? நீங்க சொன்னா அவன் கேட்பான்" என்றார். ஒரே ஒரு சொல். பக்கத்தில் உன் அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். உன் அப்பா அந்த நேரத்தில் மெங்லெம்புவில் ரம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பது எனக்கு நினைவு வந்தது. கிளை விழுந்த தோள் நினைவு வந்தது. அந்தச் சொல் என் வாயிலிருந்து வெளியே வந்தால் அங்கே ரம்பத்தில் என்ன நடக்கும் என்று பயந்தேன். சரி, அதைச் சொல்ல முடியவில்லை. லும்மி என்றாவது சொல்லியிருக்கலாம். இது எங்க வீட்டுச் சொல் டீச்சர், நான்தான் சொல்லிக் கொடுத்தேன், பிள்ளை மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். படித்த பெண் முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும். "அது அவனா கட்டிக்கிட்ட பேச்சு டீச்சர். வீட்டுல நாங்க யாரும் அப்படிச் சொல்றதில்ல" என்றேன். அத்தை, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

நீ அழவில்லை. அழுதிருந்தால் தூக்கியிருப்பேன். என்னைப் பார்த்தாய், படத்தைப் பார்த்தாய், டீச்சரைப் பார்த்தாய். பிறகு, "பச்சை" என்றாய். டீச்சருக்குச் சந்தோஷம், உன் தலையைத் தடவினார். கண்ணில் கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டதே. திரும்பி நடக்கும்போது நீ என் கையைப் பிடிக்காமல் அத்தைக்குப் பக்கத்தில் நடந்து வந்தாய். அன்று சாயங்காலம் உன் அப்பா வேலையிலிருந்து முழுசாக வந்து சேர்ந்தார். குளித்துவிட்டு உட்கார்ந்ததும் நீ அவரிடம் போனாய். சட்டியைக் காட்டி, "அப்பா, இதுக்கு நெசமாவே சட்டின்னுதான் பேரா?" என்று கேட்டாய். ஆமாம் என்றார். விளக்குமாறு, பாய், முறம், தலையணை என்று வீடு முழுக்க ஒவ்வொன்றாய்க் காட்டிக் கேட்டாய். அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் சொல்லிக் கொடுத்த ஒவ்வொரு சொல்லையும் நீ சரிபார்த்துக்கொண்டிருந்தாய். அம்மா என்ற சொல்லைப் பற்றிக் கேட்பாயோ என்றுகூடப் பயமாக இருந்தது. நீ கேட்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தில் உன் பெயர் லும்மி ஆகிவிட்டது. அதே பிள்ளைகள்தான் பெரிய பள்ளிக்கும் உன்னோடு வந்தார்கள், பெயரும் கூடவே வந்தது. தெருவில் யாராவது அப்படிக் கத்தினால் நீ சைக்கிளை இன்னும் வேகமாக மிதிப்பாய். ஒரு நண்பனைக்கூட வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. தோட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும், உள்ளே இனிக்கும். புந்தோங்கில் அதே சொல்லைக் கேட்டால் அவமானமாக இருந்தது. யார் வாயில் கிடக்கிறதோ அவர்கள் கொடுக்கிற அர்த்தம்தான் சொல்லுக்கு மிஞ்சுகிறது. நீ என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாய். சாப்பாடு போடு, சட்டை எங்கே, இவ்வளவுதான். படிப்பு, வேலை, சண்டை, சிரிப்பு எல்லாம் அப்பாவிடம். என்னிடம் பேச வேண்டி வந்தால் பாதி மலாயில் பேசினாய், அது நான் சொல்லிக் கொடுக்காத பாஷை. வளர்கிற பையன் அப்படித்தான் இருப்பான் என்று மேரி அக்கா சொன்னாள். நானும் ஆமாம் என்று சொல்லி வைத்தேன். எனக்குக் காரணம் தெரியும் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன், அதுவும் ரொம்ப நாள் கழித்து. அவர் என்னைத் திட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். "பச்சன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல? நான் என்ன செத்தா போயிருப்பேன்? அவன் ஒன்ன நம்பிக்கிட்டு நின்னிருக்கான்" என்றார். அவன் கிட்ட போய்ச் சொல்லு என்றும் சொன்னார். சொல்கிறேன் என்றேன். உனக்குப் பரீட்சை வந்தது, முடிந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். பரீட்சை முடிந்தது, வேலை கிடைத்தது, கமுந்திங்குக்குப் போய்விட்டாய். தீபாவளிக்கு வந்தபோது சொல்லலாம் என்று பார்த்தேன், வீடு நிறைய ஆட்கள். சொல்லாமல் இருப்பதற்கு எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும், அதில் நான் கெட்டிக்காரி.

உன் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்கள் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். மதிய வெயில் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது, நான் திரையை இழுக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்து, "விடு. இங்க ஒக்காரு. ஒரு தடவ என் பேரச் சொல்லேன்" என்றார். நான் கேட்காததுபோல் போர்வையைச் சரி செய்தேன். "அன்னிக்கு நெரையில கூப்பிட்டியே, அந்த மாதிரி. ஒரு தடவ" என்றார். இத்தனை வருஷமும் அதை அவர் மறக்கவில்லை. "சும்மா இருங்க, பேசாதீங்க" என்றேன். அவர் சிரித்தார். "இனிமே என் ஆயுசுல கொறையறதுக்கு என்ன இருக்கு?" என்றார். எனக்கும் புரியத்தான் செய்தது. டாக்டர் சொல்லிவிட்டார், இனி எதையும் காப்பாற்ற முடியாது, எந்தச் சொல்லும் யாரையும் கொல்லப் போவதில்லை. வாயைத் திறந்தேன். உதடு சேர்ந்தது. எத்தனையோ வருஷம் மூடி மூடி வைத்த வாய், அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்கிறது. வந்தது லும்மிதான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "அது எனக்குத் தெரியும். கடையில மொளகா கேக்கறப்பகூட என்னயத்தான கூப்பிட்டுக்கிட்டிருந்த" என்றார். அவருக்கு எப்போதும் என்னைச் சமாதானம் செய்துதான் பழக்கம். அவர் சொன்னதும் பொய் இல்லை. அவரைச் சொல்லாமல் இருக்கத்தான் அந்தச் சொல்லைச் செய்தேன். ஆனால் ஒவ்வொரு தடவை அதைச் சொல்லும்போதும் முதலில் அவர் முகம் வரும், அப்புறம்தான் மிளகாயோ மாங்காயோ. அது அவருடைய பெயராகவே ஆகிவிட்டது. இதை நினைத்து நான் ஆறுதல்பட்டுக்கொள்ளலாம், பல நாள் பட்டுக்கொண்டும் இருக்கிறேன். ஆனாலும் சேகர், அவர் கேட்டது அது இல்லை. சாகப்போகிற மனிதர் தன் பெயரைக் கேட்டார். பெண்டாட்டி வாயால் தன் பெயர் எப்படி இருக்கும் என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டுப் போக ஆசைப்பட்டார். நான் கொடுக்கவில்லை. நீ மருந்தோடு மேலே வந்துவிட்டாய். அடுத்த நாள் அவருக்குப் பேச்சு நின்றது. பேச்சு நின்ற பிறகும் காது கேட்கும் என்று நர்ஸ் சொன்னாள், அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்போதும் அத்தை எப்போதோ சொன்னது குறுக்கே வந்து நின்றது. அத்தை போய்ச் சேர்ந்தே பல வருஷம் ஆகியிருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ரோஸ்லின் மரியாதை இல்லாதவள் என்று நினைத்துத்தான் நான் அப்படிச் சொன்னேன் என்று நீ நினைத்திருப்பாய். மாமா மாமி முன்னால் நானும் அப்படித்தான் காட்டிக்கொண்டேன். உண்மை அதைவிடக் கேவலம். எனக்குப் பொறாமை. கையில் கரண்டியோடு, கண் ரசத்தில் இருக்க, உப்பு டப்பாவைத் தேடிக்கொண்டு அவள் உன் பெயரைச் சொன்னாள். அவளுக்கு அதில் ஒன்றுமே இல்லை. பயம் இல்லை, சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. நான் ஒரு மனிதரின் கடைசி நாளில்கூடச் செய்ய முடியாததை அவள் உப்பு கேட்பதற்குச் செய்துவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. நீயும் மாமாவோடு பேசிக்கொண்டே, "மேல் தட்டுல இருக்கு" என்றாய். அதைத் தாங்க முடியாமல்தான் அவளைக் கடித்தேன். எனக்கு அத்தை செய்ததை நான் அவளுக்குச் செய்யப் பார்த்தேன். அத்தையிடமாவது தம்பி ஆயுசு பற்றிய பயம் இருந்தது. என்னிடம் அதுகூட இல்லை, வெறும் எரிச்சல்தான் இருந்தது.

பெற்றவள் கல்யாணத்துக்கு முன் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அதற்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் இரண்டு விஷயம் சொல்கிறேன். உங்களுக்குப் பிள்ளை பிறந்தால், அது தானாக ஏதாவது சொல் கட்டிப் பேசும். எல்லாப் பிள்ளையும் பேசும். சிரியுங்கள், கூடச் சேர்ந்து பேசுங்கள். ஆனால் வெளியே யாராவது அதைக் கேலி செய்தால், அது எங்கள் வீட்டுச் சொல் என்று முன்னால் போய் நில்லுங்கள். பிள்ளையைத் தனியாக விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, ரோஸ்லின் ஏதாவது ஒரு சொல் கேட்டால், அன்பானதோ மன்னிப்போ எதுவானாலும், அவள் கேட்கிற அதே சொல்லைக் கொடு. அதற்குப் பதிலாக வேறொன்றைக் கொடுத்துவிட்டு, அவளுக்குப் புரியும் என்று இருந்துவிடாதே. புரியும்தான். புரிவது போதாது.

உன்னிடம் நான் சொல்ல வேண்டியதும் ஒன்று பாக்கி இருக்கிறது, அன்றைக்கு டீச்சர் மேசை முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. நீ பொய் சொல்லவில்லை. நீயாகக் கட்டிக்கொண்ட பேச்சும் இல்லை. அந்தச் சொல்லை நான்தான் செய்தேன், நான்தான் உனக்குக் கொடுத்தேன், நீ அதைச் சரியாகத்தான் சொன்னாய். அந்த இலை லும்மிதான். இதைப் பதினெட்டு வருஷம் தாமதமாகச் சொல்வதால் உன் பள்ளிக்கூட நாட்கள் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். நீ பட்ட அவமானத்தில் ஒரு நாளைக்கூட என்னால் குறைக்க முடியாது. மன்னித்துவிடு என்று கேட்கலாம். கேட்டால் நீ சரி என்று சொல்லி வைப்பாய், உன் அப்பாவின் சுபாவம் உனக்கும் உண்டு. அதனால் கேட்கவில்லை.

நீங்கள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுங்கள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ரோஸ்லின் வீட்டார் தெலுக் இந்தானில் கோயிலில் வைத்துச் செய்ய ஆசைப்பட்டாலும் அவர்கள் இஷ்டப்படியே செய்யுங்கள். என்னைக் கூப்பிட்டால் வருகிறேன், கூப்பிடாவிட்டால் மனசு நோகும், ஆனால் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அவளை இங்கே கூட்டி வா. நான் அவள் கையைப் பிடித்து, அன்றைக்குப் பேசியது தப்பு என்று சொல்ல வேண்டும், அதை மேரி அக்கா வழியாகச் சொல்லி அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. நீங்கள் வருகிற அன்றைக்கு மாமாவையும் மாமியையும் வரச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் முன்னால் பேசியதை அவர்கள் முன்னாலேயே திருத்த வேண்டும். சமையலுக்கு அவள் எனக்கு ஒத்தாசை செய்யட்டும். நீ கூடத்தில் உட்கார்ந்திரு, பேப்பரைப் படி, எதையும் கவனிக்காதவன்போல் இரு. அவளுக்கு அடுப்படியில் ஏதாவது வேண்டியிருக்கும். வேண்டாவிட்டாலும் நான் எதையாவது ஒளித்து வைக்கிறேன். உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், சத்தமாகவே கூப்பிடட்டும். இந்த வீட்டில் ஒரு பெண் அப்படிக் கூப்பிட்டு, அந்த ஆண் என்ன என்று திரும்பிப் பார்ப்பதை நான் நின்று பார்க்க வேண்டும்.

அம்மா